போன பட்ச் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்: வன்னியின் பொறியியல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வன்னியில் பொறியியலும் தொழில்நுட்பமும் படிக்கிற இறுதியாண்டுத் தம்பி தங்கச்சிமாருக்கும், அவர்களின் செயற்றிட்டங்களை மேற்பார்வை செய்கிற சேர்மார், மிஸ்மாருக்கும் இதை எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் லேத்தும் வெல்டிங்கும் செய்கிற பட்டறைக்காரன். உழவு மெசின் அச்சு, தண்ணீர்ப் பம்பி, நெல் ஆலைப் புல்லி, இவைதான் என்னுடைய பிழைப்பு. வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும் வேறு வகையான வாடிக்கையாளர்கள் வருவார்கள். கையில் லப்டொப்பும் அச்சடித்த வரைபடமும் இருக்கும். "வெள்ளிக்கிழமை டெமோ அண்ணை" என்று வியாழக்கிழமை பின்னேரம் வந்து சொல்வார்கள்.

அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அந்த வேலையில் காசு பெரிதாக வராது, ஆனால் பிடித்துச் செய்கிறேன். மாத்தறை, குருநாகல் பிள்ளைகள்கூட வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அதைவிட அரைகுறை. நிலத்தில் சோக்கட்டியால் கீறிக் கதைத்தால் வேலை நடந்துவிடும். யார் எந்த வளாகம், எந்த வருடம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. யாழ்ப்பாணம், மொறட்டுவை, பேராதனை என்று வெளியில் படித்துக்கொண்டு சொந்த ஊரில் செயற்றிட்டம் செய்ய வருகிறவர்களும் இதில் அடக்கம்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். புதுத் தலைப்புத் தேடுவதைக் கொஞ்சக் காலம் நிறுத்துங்கள். போன பட்ச், அதாவது உங்களுக்கு முந்திய வருட மாணவர்கள், எங்கே விட்டார்களோ அங்கே தொடங்குங்கள். அப்படித் தொடங்குகிறவர்களுக்குப் புள்ளி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வசனம் ஆசிரியர்களுக்கு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நெல் உலர்த்தியின் கதையைச் சொன்னாலே காணும்.

முன்பெல்லாம் கையால் வெட்டி, உப்பட்டி (அரிந்த கதிர்) காயவிட்டு, சூடு என்கிற போராகக் குவித்து, பிறகுதான் மிதிப்பார்கள். நெல் மூடைக்குள் போகும்போது பாதி காய்ந்திருக்கும். இப்போது வெட்டு மெசின் ஒரு பக்கத்தால் வயலுக்குள் இறங்கி மற்றப் பக்கத்தால் ஈர நெல்லாகக் கொட்டிவிட்டுப் போகிறது. வெட்டும்போது நெல்லில் 20 தொடக்கம் 25 வீதம் ஈரம் இருக்கும். வைத்து எடுப்பதற்கு அது 14 வீதத்துக்கு இறங்கவேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீதத்தைத்தான் கேட்கும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132 என்று கிலோ விலை அறிவித்தபோது அந்த விலை உலர்ந்த நெல்லுக்குத்தான். காயப்போட இடமில்லாதவர் வயற்கரையிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும். அதனால்தான் தை, மாசியில் வீதியோரம் எல்லாம் படங்கு விரித்து நெல் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து இரண்டு நாள் மழை மப்பென்றால் முளைத்துவிடும்.

ஆக, உலர்த்தி நல்ல தலைப்பு. எங்கள் ஊர்ப் பிரச்சினை, பொறியியலும் இருக்கிறது. பல பட்ச் அதை எடுத்தது. முதலில் வந்த குழு சூரிய வெப்பத்தில் உலர்த்துகிற பெட்டி செய்தது. கறுப்புத் தகரம், மேலே பொலித்தீன், ஒரு பக்கம் சுவரில் மாட்டுகிற எக்சோஸ்ட் விசிறி. வெயிலில் சும்மா ஓடும்போது காற்று நன்றாக வந்தது. ஓர் அடி உயரத்துக்கு நெல்லைப் பரப்பியதும் காற்று நின்றுவிட்டது. அந்த வகை விசிறி திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் எதிரே அழுத்தம் வந்தால் மூச்சு வாங்கும். நெல்லுக்குள் காற்றை ஏற்ற மையவிலக்கு வகை ஊதி வேண்டும். இதை அந்தப் பிள்ளைகள் வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் கண்டுபிடித்தார்கள். நெல்லின் உயரத்தைக் குறைத்துச் செய்துகாட்டினார்கள். பட்டமும் கிடைத்தது. சந்தோசம்.

அடுத்து வந்த குழுவும் உலர்த்திதான். அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் முதல் பொருளே எக்சோஸ்ட் விசிறி.

"தம்பி, இது நெல்லுக்குள்ளால் காற்றுத் தள்ளாது" என்றேன். "இல்லை அண்ணை, கணக்குப் பார்த்திட்டம்" என்றார்கள். கணக்குப் பிழையில்லை. நெல் இல்லாத பெட்டிக்கு அது சரியான கணக்கு. முதல் குழு பட்டுத் தெளிந்தது இரண்டாம் குழுவின் காதுக்குப் போகவே இல்லை. அறிக்கையில் இருந்ததோ என்று கேட்டேன். அறிக்கையில் விசிறி வேலை செய்ததாகத்தான் இருந்ததாம். பின்னே, புள்ளி போடுகிறவர்களுக்குக் கொடுக்கிற தாளில் "எங்கள் விசிறி தோற்றது" என்று யார் எழுதுவார்கள்?

சில வருடம் கழித்து உமி அடுப்போடு ஒரு குழு வந்தது. அதில் ஒரு தங்கச்சி என் பட்டறைச் சுவரில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினா. 1,000 கிலோ நெல்லை 20 வீதத்திலிருந்து 14 வீதத்துக்கு இறக்கினால் வெளியே போகவேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 70 கிலோ. அதை ஆவியாக்க 175 மெகாயூல் சொச்சம் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உமி எரிந்தால் 13, 14 மெகாயூல் வரும். அடுப்பும் குழாயும் பாதி வெப்பத்தை வீணாக்கினாலும் 30 கிலோ உமிக்குள் விஷயம் முடியும். அதே 1,000 கிலோ நெல்லைக் குற்றினால் 200 கிலோ அளவில் உமி வருகிறது. ஆலைகளில் மலைபோலக் குவிந்து கிடப்பது அதுதான். மண்ணெண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நான் எத்தனையோ வருடம் ஆலைகளுக்கு வேலை செய்தவன், ஆனால் இந்தக் கணக்கை அன்றுதான் பார்த்தேன். படித்த பிள்ளைகள் ஊருக்குள் வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு அது ஒன்றே சாட்சி.

அந்தக் குழு ஊதியையும் சரியாகச் செய்தது. பின்பக்கம் வளைந்த இதழ்கள், அந்தத் தங்கச்சியே வரைந்தா, நான் தகடு வெட்டி ஒட்டினேன். ஓர் அடிக்கு மேல் நெல் போட்டும் காற்று மேலே வந்தது. பிரச்சினை வேறிடத்தில் வந்தது. அடியிலுள்ள நெல் அளவுக்கு மீறிக் காய்ந்தது, மேலே உள்ளது ஈரமாகவே நின்றது. விதை நெல்லென்றால் காற்றின் சூடு 43 பாகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் முளைதிறன் போகும். சாப்பாட்டு நெல்லையும் அவசரமாகக் காய்ச்சினால் மணி வெடித்து, ஆலையில் குறுணலாக வரும். நடுவில் ஒருக்கால் கிளறவேண்டும், அல்லது காற்றை மேலும் கீழுமாக மாற்றிவிடவேண்டும். இதற்கு வழி பார்க்கத் தொடங்கும்போது அவர்களின் காலம் முடிந்துவிட்டது. அடுத்த பட்ச் செய்யவேண்டிய வேலை அந்த இடத்தில் தெளிவாகக் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்து வந்தவர்கள் செய்தது என்ன தெரியுமா? கைத்தொலைபேசியில் ஈரப்பதன் காட்டுகிற சூரிய உலர்த்தி. விசிறி? அதே எக்சோஸ்ட்.

ஒவ்வொரு வருடமும் புதிதாக அத்திவாரம் வெட்டி, சுவர் எழும்ப முன்னர் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவது போன்ற வேலை இது.

குளத்து நீர்மட்டம் அளக்கும் கருவியும் இதே வழியில்தான் போயிருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் மறக்காது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்ற பேச்சு வெள்ளம் வடிந்த பிறகும் ஓயவில்லை. அதற்குப் பிறகு நீர்மட்டக் கருவி எல்லாருக்கும் பிடித்த தலைப்பாகிவிட்டது. ஒலியலைச் சென்சர், ஆடுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, சிம் போடுகிற ஒரு பலகை, சிறிய சோலர் தகடு, நான் செய்துகொடுக்கிற கம்பி. ஆய்வுகூடத் தொட்டியில் அற்புதமாக வேலை செய்யும்.

குளக்கட்டில் வேறு கதை. ஒலியின் வேகம் சூட்டோடு மாறும். விடியற்காலை 25 பாகை, மத்தியானம் 35 பாகை என்றால் வேகம் ஏறத்தாழ 1.7 வீதம் கூடுகிறது. சென்சரிலிருந்து தண்ணீர் 4 மீற்றர் கீழே என்றால் அது 7 சென்ரிமீற்றர் பிழை. 100 ஏக்கர் பரப்புள்ள குளத்தில் 7 சென்ரிமீற்றர் என்பது 28,000 கன மீற்றர் தண்ணீர். பக்கத்தில் ஒரு வெப்பச் சென்சர் வைத்துத் திருத்திக்கொள்ளலாம், சின்ன வேலை. ஆனால் ஒவ்வொரு குழுவும் அதைத் தானாகப் பட்டுத்தான் அறிந்தது. பிறகு குளவி. சென்சர் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். பிறகு ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல். பிறகு, இதை யாரும் யோசிப்பதில்லை, சிம். பட்டம் வாங்கிப் போன தம்பியின் அடையாள அட்டையில் எடுத்த சிம்முக்கு யார் ரீலோட் போடுவது? கருவி நன்றாகத்தான் இருக்கும், சிம் செத்துவிடும். நல்ல பொறியியலை நூறு ரூபா ரீலோட் தோற்கடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீர்மட்டம் அளப்பதன் பயன் கருவியில் இல்லை, வருடங்களில் இருக்கிறது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று நாலைந்து காலபோகம் தொடர்ந்து எழுதினால்தான் அந்தக் குளத்தின் குணம் பிடிபடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது, பார்த்து எழுத ஆள் இருக்கிறது. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாய்கிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. வன்னி முழுக்கக் காட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் சிதறிக் கிடப்பவை அவைதான். ஒரு பட்ச் ஒரே ஒரு சின்னக் குளத்தைத் தத்தெடுத்து, அடுத்தடுத்த பட்ச் அதே குளத்தைக் கைமாற்றிக்கொண்டால், ஐந்தாவது வருடம் வருகிற பிள்ளைகளுக்கு இலங்கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கணக்குப் புத்தகம் கையில் இருக்கும். ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று கேட்கிற சேர்மார் இதை ஒருக்கால் யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு பருவத் தரவில் வருகிற கட்டுரையைவிட இது எவ்வளவோ பெறுமதி.

யானை எச்சரிக்கைக் கருவியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2023இல் மட்டும் இலங்கையில் 480க்கு மேல் யானைகள் செத்தன, மனிதர்களும் நூற்றுக்கு மேல். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வயற்காரருக்கு இது ஒவ்வொரு இரவும் உள்ள தலையிடி. கமரா, ஏ.ஐ. எல்லாம் நல்லது. தந்தம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது என்பதை யானை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது, மரத்தைத் தள்ளி மின்வேலியில் விழுத்தவும் அதற்குத் தெரியும். யானை தொடர்ந்து படிக்கிறது. எங்கள் பட்ச் மட்டும் ஒவ்வொரு வருடமும் முதலாம் வகுப்பில்.

செயற்கைக் கை, கால் பற்றிச் சொல்லவேண்டும். போரில் உறுப்பிழந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பரிமாண அச்சில் விரல் மடக்குகிற கை செய்து வருகிறார்கள், சேர்வோ மோட்டார் பூட்ட ஒரு சட்டம் கேட்பார்கள். மேசையில் அது பந்தைப் பிடிக்கும். ஆனால் செய்கிறவர்களில் அதிகம் பேர் அதை மாட்டப்போகிற ஆளைக் கண்டதில்லை. இங்கே அதிகம் தேவைப்படுவது வயற்சேற்றில் இறங்கி ஏறுகிற கால். ஜெய்ப்பூர் காலின் கதையைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். 1960களின் கடைசியில் அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி, மற்றவர் ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞர், பெரிய படிப்பில்லாதவர். சப்பாத்து இல்லாமல் நடக்க, சம்மணமிட, குந்தியிருக்க, ஈரத்தில் இறங்க ஏற்ற இறப்பர்ப் பாதம். பிறகு அந்தக் காலின் மேற்பகுதியை எச்.டி.பி.ஈ. பைப்பைச் சூடாக்கி இழுத்துச் செய்யத் தொடங்கினார்கள். நாங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அதே வகைப் பைப். ஒரே பொருளை ஐம்பது வருடத்துக்கு மேலாகத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 தொடக்கம் ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து ஒன்றரை மணித்தியால பஸ். அங்கே போய், கால் மாட்டியிருக்கிறவர்களிடம் "இதில் என்ன கரைச்சல்?" என்று கேட்டால் பத்து வருடத்துக்குத் தலைப்பு கிடைக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது என்று நானும் கொஞ்சம் விசாரித்தேன். பிள்ளைகளின் மேல் பழி போடுவது பாவம்.

புள்ளித் தாளில் புதுமைக்கு ஒரு பெட்டி இருக்கிறதாம், பழையதைத் திருத்தியதற்குப் பெட்டி இல்லையாம். போன பட்சின் அறிக்கையிலிருந்து நாலு பந்தி எடுத்தால் கொப்பியடித்ததைப் பிடிக்கிற மென்பொருள் சிவப்பாகக் காட்டுமாம். அதற்குப் பயந்து பழைய அறிக்கையைத் திறந்தும் பார்ப்பதில்லை என்று ஒரு தம்பி சொன்னான். வைவா முடிந்ததும் ஆடுயினோ, மோட்டார், சென்சர் எல்லாவற்றையும் கழற்றிக் களஞ்சியத்தில் ஒப்படைக்கவேண்டும். அதையும் குறைசொல்ல முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது சென்சர் விலையைக் கேட்டுப் பிள்ளைகள் முழித்ததைப் பார்த்தவன் நான். பொருள் பற்றாக்குறை உண்மை. ஆனால் கழற்றிய பிறகு மிஞ்சுவது இரும்புச் சட்டம் மட்டும். அதுவும் கொஞ்ச நாளில் பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏறிவிடும்.

காலமும் ஒத்துவருவதில்லை. காலபோகம் ஐப்பசியில் விதைத்து தை, மாசி, பங்குனியில் வெட்டுகிறார்கள். சிறுபோகம் ஆடி, ஆவணியில் வெட்டு. பல்கலைக்கழக நாட்காட்டிக்கு இது தெரியாது. கொரோனா, வேலைநிறுத்தம் என்று அது வேறு இழுபட்டுக்கொண்டு திரிந்தது. உலர்த்தி முடிகிற மாதத்தில் ஊரில் ஈர நெல் இருக்காது. ஆலையிலிருந்து காய்ந்த நெல் வாங்கி, தண்ணீர் தெளித்து, அதை உலர்த்திக் காட்டிய குழு ஒன்றும் உண்டு. சிரிக்காதீர்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்தப் பட்ச் அடுத்த அறுவடையைப் பார்க்காது. அடுத்த பட்ச் பார்க்கும். கைமாற்றிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினைக்குத் தனியாக மருந்து தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்? எனக்குப் பாடத்திட்டம் தெரியாது. ஆனால் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. யாரோ அரைகுறையாகச் செய்த மெசின் வந்தால் முதலில் அதை அப்படியே ஓடவிட்டு, எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம், பிறகுதான் சாவி எடுப்போம். இறுதியாண்டின் முதல் மாதம் அப்படி இருக்கட்டும். பழைய கருவியை ஓடவைத்து, பழைய அறிக்கையில் உள்ள எண் உண்மையில் வருகிறதா என்று அளக்கட்டும். வரவில்லை என்றால் ஏன் என்று எழுதட்டும். அதுவே முதல் அத்தியாயம், அதற்கே புள்ளி. எல்லாத் தலைப்பும் இப்படி இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. மூன்றில் ஒன்று போதும்.

போகிற பட்சும் வருகிற பட்சும் ஒரு நாளாவது ஒரே கருவிக்குப் பக்கத்தில் நின்று கதைக்கவேண்டும். அறிக்கையில் எழுத முடியாததெல்லாம் அன்று வெளியே வரும். "இந்த விசிறியை வாங்காதே" என்பது ஒரு நிமிடப் பேச்சு. பொருட்களில் ஒரு தொகுதியையாவது கழற்றாமல் வைத்திருக்க வழி பாருங்கள். எல்லாவற்றையும் வைத்திருக்கக் கேட்கவில்லை, தொடரப்போகிற கருவிகளை மட்டும். பிறகு, கருவியோடு இரண்டு பக்கத்தில், பாவிக்கிறவரின் மொழியில் ஒரு குறிப்பு. என்ன செய்யும், என்ன செய்யாது, எது முதலில் பழுதாகும், சிம் யாருடைய பெயரில். உங்கள் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, நல்லது. கமக்காரர் அமைப்பின் செயலாளர் அந்த அறிக்கையை வாசிக்கப் போவதில்லை.

இங்கே உள்ள வசதியைப் பாருங்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். கைத்தொழில்காரரைப் பயிற்றுகிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் பக்கத்தில். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகி, அங்கும் தொழில்நுட்பக் கற்கைகள் நடக்கின்றன. நெல் மணி எத்தனை பாகையில் வெடிக்கும் என்று சொல்லக்கூடியவர், ஊதிக்குக் கணக்குப் போடக்கூடியவர், அதை ஒட்டிப் பூட்டிப் பராமரிக்கக்கூடியவர் எல்லாரும் அறிவியல் நகரிலேயே சைக்கிள் தூரத்தில். இது எல்லா இடத்திலும் கிடைக்கிற வசதி இல்லை. ஒரு கருவியை வயலில் விட்டால் யார் பொறுப்பு, மின்சாரம் அடித்தால் என்ன செய்வது என்று சேர்மார் பயப்படுவது நியாயம். பயிற்சி நிறுவகத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பராமரிப்பே பயிற்சியாக அமையலாம். அதுபோல, ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். சண்டையும் நடக்கும். தலைப்புத் தேடுகிற குழு ஒரு தடவை பின்வாங்கில் இருந்து கேட்டால் இணையத்தில் தேடுகிற வேலை மிச்சம்.

இதற்கு வருகிற மறுப்பும் எனக்குத் தெரியும். ஒரு சேர் என்னிடமே சொன்னார்: "நாங்கள் பொருள் தயாரிக்கிற கொம்பனி இல்லை, பிள்ளைகள் பொறியியல் சிந்தனையைப் படிக்கிற இடம். வெறும் தாளிலிருந்து தொடங்கினால்தான் அது வரும்." மரியாதையோடு சொல்கிறேன், வேலைக்குப் போகிற பொறியியலாளருக்கு வெறும் தாள் எங்கே கிடைக்கிறது? இரணைமடு 1902இல் கட்டத் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடித்த குளம். பிறகு வந்தவர்கள் அணைக்கட்டைத் திரும்பத் திரும்ப உயர்த்தினார்கள், கதவு மாற்றினார்கள், வாய்க்கால் திருத்தினார்கள். இன்றைக்கு அங்கே வேலைக்கு வருகிற பொறியியலாளரின் முதல் வேலை நூறு வருடத்துக்கு முன்னர் இன்னொருவர் என்ன நினைத்துக் கட்டினார் என்று விளங்கிக்கொள்வது. அந்தப் படிப்பை இறுதியாண்டில் கொடுக்கலாமே. நான் லேத் பழகிய மேத்திரியார் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே கொஸ்ரிக் சோடாவும் குளோரினும் ஓடிய காலத்தில் ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கொப்பி இருந்ததாம். பழுது, திகதி, மாற்றிய பொருள், யார் கை வைத்தது, எல்லாம் அதில். தொழிற்சாலை போனது. கொப்பிகளும் போயின.

இன்னொரு மறுப்பு: வாரிசாக வந்த கருவியில் யாருக்கு எத்தனை புள்ளி என்று எப்படிப் பிரிப்பது? இதுதான் எனக்கு மிகச் சுகமாகத் தெரிகிறது. எடுக்கும்போது 1,000 கிலோவுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடியது, மேல் நெல்லுக்கும் அடி நெல்லுக்கும் ஈரத்தில் எத்தனை வீதம் வித்தியாசம் என்று அளந்து வையுங்கள். விடும்போது திரும்ப அளந்து பாருங்கள். வித்தியாசம் அந்தக் குழுவுடையது. வித்தியாசம் வரவில்லை, ஆனால் ஏன் வரவில்லை என்று சரியாகக் காட்டினார்கள் என்றால், என்னைக் கேட்டால், அதற்குக் கூடப் புள்ளி போடலாம். புதுக் கருவிக்கு இப்படி ஒப்பிட்டு அளக்க ஒரு தொடக்க அளவே இல்லை.

தம்பி தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. வேலை தேடும்போது சுயவிபரத்தில் "புதிதாக உருவாக்கினோம்" என்பது பளிச்சென்று தெரியும் என்று நினைக்கிறீர்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவர் செய்த மெசினை விளங்கி ஓடவைக்கிற ஆள்தான் அவர்களுக்குக் கிடைக்காத ஆள். நானே எடுப்பேன், சம்பளம்தான் உங்களுக்குக் கட்டாது.

என் பக்கத்தில் செய்யக்கூடியது இவ்வளவு. பட்டறையின் பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. தொடரப்போகிற கருவியின் சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் அங்கே கொண்டுவந்து வைக்கலாம், வாடகை இல்லை. வரைபடத்தின் ஒரு பிரதியைத் தந்தால் பொலித்தீன் உறையில் போட்டுக் கோவையில் வைப்பேன். அடுத்த பட்ச் வந்து கேட்டால் கொடுப்பேன், தெரிந்ததைச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை பூட்டு, போயா நாளில் திறந்திருக்கும். டெமோவுக்கு முதல் நாள் வராமல் தலைப்பு எடுக்கிற கிழமையில் வாருங்கள்.

அப்புறம், அந்தப் பின்பக்கம் வளைந்த இதழ் ஊதியின் வரைபடம் என்னிடம் இல்லை. வரைந்த தங்கச்சி படிப்பு முடிந்து வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. ஊதியும் கழற்றப்பட்டுப் போய்விட்டது. இதழின் வளைவும் எண்ணிக்கையும் கண்ணளவில் எனக்கு நினைவிருக்கிறது, கோணம் நினைவில்லை. அந்தக் குழுவில் இருந்த யாராவது இதைப் பார்த்தால், அல்லது மேற்பார்வை செய்தவரின் கணினியில் எங்காவது கிடந்தால், ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். இந்தத் தை மாத வெட்டுக்கு முன்னர் கிடைத்தால் தகடு என் செலவு.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
கிளிநொச்சி.